மறுபத்தியம்

"டயட்ல இருக்கியா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றால் "எத்தனை கிலோ கொறஞ்சுது?" என்று வரும். இல்லை என்றால் இலையில் இன்னொரு கரண்டி சோறு விழும். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று கையை நீட்டி இலையை மறைக்கிற பெண்ணைப் பார்த்தால் நம் ஊரில் இரண்டே காரணம்தான் தோன்றும். அழகுக்காகச் செய்கிறாள், அல்லது ஏதோ வியாதி, வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறாள். ஆண்கள் அதையே செய்தால் "சுகரா தம்பி?" என்று நேராகக் கேட்டுவிடுவார்கள். அதில் ஒரு மரியாதைகூட இருக்கும்.

ஆபீஸ் கேன்டீனில் இதற்கு வேறொரு பதில் புழங்குகிறது. "இது டயட் இல்ல, லைஃப்ஸ்டைல் சேஞ்ச்." சொல்பவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். டயட் என்பது ஜனவரியில் ஆரம்பித்துப் பொங்கலுக்குள் முடிகிற சமாச்சாரம், லைஃப்ஸ்டைல் என்றால் நிரந்தரம், பக்குவம். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் நெடுநாள் சந்தேகம். எதை இல்லை என்று மறுத்துக்கொண்டே ஒருவர் ஆரம்பிக்கிறாரோ, பெரும்பாலும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். சந்தேகத்துக்கு வியாபாரச் சான்றும் உண்டு. 1963-ல் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி நியூயார்க்கில் ஆரம்பித்த வெயிட் வாட்சர்ஸ், எடை குறைப்பையே தொழிலாகக் கொண்டு உலகம் முழுக்கப் பரவிய நிறுவனம். 2018-ல் அது பெயரில் இருந்த 'எடை'யைக் கழற்றிவிட்டு வெறும் டபிள்யூ டபிள்யூ ஆகி, இனி நாங்கள் ஆரோக்கிய வாழ்வுக்கானவர்கள் என்றது. புள்ளிகளை எண்ணிச் சாப்பிடும் முறை அப்படியேதான் இருந்தது. பிறகு 2023-ல் எடை குறைக்கும் ஊசி எழுதித்தரும் நிறுவனம் ஒன்றை வாங்கிப்போட்டார்கள். 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். பெயர் மாற்றத்தால் மட்டும் ஒன்றும் ஆவதில்லை என்பதை ஒரு சாஃப்ட்வேர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை மாட்யூல்களுக்குப் பெயர் மாற்றுகிறவர்கள்.

ஆனால் வேடிக்கை, 'டயட்' என்ற சொல்லே வாழ்க்கை முறை என்றுதான் பிறந்தது. கிரேக்கத்தில் 'டையட்டா' என்றால் வாழும் விதம். ஹிப்போகிரடீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் அது சோற்றை மட்டும் குறிக்கவில்லை. உடற்பயிற்சி, குளியல், தூக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். நம்முடைய பத்தியமும் அப்படித்தான். வடமொழி 'பத்ய', பாதை என்ற சொல்லில் இருந்து வந்தது, பாதைக்கு உகந்தது என்று பொருள். இரண்டு பழைய மொழிகள் சாப்பாட்டு ஒழுங்கை ஒரு போக்காகவே பார்த்திருக்கின்றன. அதைக் கட்டங்கட்டமாக வெட்டி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டு விற்க ஆரம்பித்தது பிற்பாடுதான்.

என் கதை 163 என்ற எண்ணில் ஆரம்பிக்கிறது.

கர்ப்பத்தின் 25-வது வாரம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். குமட்டாமல் இருக்க நர்ஸ் அக்கா அதில் எலுமிச்சை பிழிந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டும். இருந்தது 163. காலையில் சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லையே என்று நான் குழம்பினேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அந்தச் சோதனையே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையாவும் அவருடன் வேலை செய்தவர்களும் கொண்டுவந்த முறை. வயிற்றுப் பிள்ளைக்காரி வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர மாட்டாள், 'நாளைக்குச் சாப்பிடாமல் வாம்மா' என்று திருப்பி அனுப்பினால் பலர் திரும்பி வருவதே இல்லை. அதனால் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே ஊசி, ஒரே எண். 2007-லேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்துவிட்டது. பயனாளியின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்த டிசைன் என்று எங்கள் துறையில் பாடம் எடுக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

முதலில் மருந்து கிடையாது. இரண்டு வாரம் சாப்பாட்டால் சமாளித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் உணவுக்குப் பின் இரண்டாம் மணியில் 120-ஐத் தாண்டினால் மாத்திரை, இன்சுலின். டயட்டீசியன் ஒரு தாள் கொடுத்தார். நான் அதை எக்செல் ஆக்கினேன். விரல் நுனியைக் குத்தி, எண்ணை எழுதி, எதிரில் என்ன சாப்பிட்டேன் என்று எழுதினேன். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 146. இரண்டு இட்லி, ஒரு முட்டை, முதலில் ஒரு கிண்ணம் சுண்டல் என்றால் 114. அம்மா நம்பிக்கையோடு காய்ச்சிக் கொடுத்த கேழ்வரகுக் கஞ்சி 158. "கேப்பையா ஏத்துச்சு? மிஷின் சரியில்ல" என்றார் அம்மா. மிஷின் சரியாகத்தான் இருந்தது. நைஸாக அரைத்த மாவு, தண்ணியாகக் காய்ச்சினால் அரிசியைப் போலவே விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். அதையே களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு அளவாகச் சாப்பிட்டால் கொஞ்சம் அடங்குகிறது. சிறுதானியம் என்றாலே மருந்து என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் விரலைக் குத்திப் பார்க்கலாம்.

பதினான்கு வாரம் அப்படிப் போனது. அதை நான் டயட் என்று நினைக்கவே இல்லை. முடிவுத் தேதி இருந்தது, ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் உள்ளிருந்து உதைத்துக்கொண்டும் இருந்தது. வெளியே யார் கேட்டாலும் "டாக்டர் சொல்லிருக்காங்க" என்றால் போதும். கர்ப்பிணியின் நாக்கு மேல் ஊருக்கே ஒரு கரிசனம் உண்டு, அந்தக் கரிசனம் டாக்டர் என்ற சொல்லுக்கு மட்டும் அடங்கும்.

மகள் பிறந்தாள். இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுத்துக்கொண்டிருந்த ஹார்மோன்களைச் சுரந்தது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்ததும் அடுத்த நாளே என் எண்கள் சரியாகிவிட்டன. டாக்டரின் தாளை அம்மா மடித்து அலமாரிக்குள் வைத்தார். அடுத்த பத்தியம் ஆரம்பமானது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, சுட்ட கருவாடு, மிளகு ரசம். தயிர் கூடாது, பூசணி கூடாது, பச்சைத் தண்ணி கூடாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், நல்லெண்ணெய், இவற்றைவிட அதிகமாகக் கருப்பட்டி.

"அம்மா, இது சர்க்கரைம்மா."

"சீனி எங்க போட்டேன்? கருப்பட்டிடி."

இந்த வாக்குவாதத்தில் வேதியியல் என் பக்கம். ஆனால் அந்த நாற்பது நாளில் எனக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பத்தியத்தை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்று யோசிக்கிற வேலை என்னுடையதாக இல்லை. மீன் கடைக்குப் போனது அப்பா, அரைத்தது அம்மா, ஊட்டாத குறையாகக் கொடுத்தது பெரியம்மா. டயட் என்கிற சொல்லில் இருக்கும் தனிமை அதில் இல்லை. ஒரு உடம்பைத் தேற்றுவது ஒரு வீட்டின் வேலையாக இருந்தது.

ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் தண்ணீர். இந்த முறை 118. நான் போய்க்கொண்டிருந்த நர்சிங் ஹோமில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், இனிமே நார்மலா சாப்பிடலாம்" என்றார்கள். பில் போட்டார்கள். அவ்வளவுதான்.

நார்மல் என்றால் எது? கர்ப்பத்துக்கு முன்னால் நான் சாப்பிட்டதுதானே எனக்கு நார்மல். 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 20 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது, மொத்தம் 13 லட்சம் பெண்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு. நஞ்சுக்கொடி நோயை உண்டாக்கவில்லை, கணையத்துக்கு ஒரு லோட் டெஸ்ட் நடத்திக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. லோட் டெஸ்டில் விழுந்த சர்வரை 'இப்போ டிராஃபிக் இல்ல, நார்மல்' என்று அப்படியே விட்டுவிட எந்த டீமும் சம்மதிக்காது. எங்கள் அம்மாவுக்கு 16 வருடமாகச் சர்க்கரை. அவர் என்னைச் சுமந்தபோது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் 'லைஃப்ஸ்டைல்' என்ற சொல் ஆராய்ச்சித் தாள்களில் எதைக் குறிக்கிறது என்று தேடினேன். அமெரிக்காவில் 3234 பேரை வைத்து நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2002-ல் வெளிவந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களிடம் நோய் வருவது 31 சதவீதம் குறைந்தது, வாழ்க்கைமுறையை மாற்றியவர்களிடம் 58 சதவீதம். இந்த 58-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வாழ்க்கைமுறைக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். 16 பாடங்கள், ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கு, கொழுப்பைக் கிராம் கணக்கில் எழுதும் நோட்டு, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி. எந்த ஊரில் இது டயட் இல்லை? பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. ஆனாலும் நோய் வருவது 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. எனக்கு அந்த 58-ஐவிட இந்த 34 மேல்தான் மரியாதை. பாதி வழுக்கி, பாதி பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்களின் எண் அது.

இன்னொன்று நம்மூரிலேயே நடந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த இந்திய ஆய்வு, 2006-ல் வந்தது. எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடக்கச் சொல்லி, சாப்பாட்டை மாற்றச் சொன்ன குழுவில் 39 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. "எத்தனை கிலோ கொறஞ்சுது?" என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இருந்திருக்காது.

ஆக எடை மிஷினில் தெரியாத ஒன்று உள்ளே நடக்கிறது, அது நடந்துகொண்டே இருந்தால்தான் பலன். இதை டயட் என்றால் குறைகிறது. லைஃப்ஸ்டைல் என்றால் பொய்யாகிறது. ஏன் பொய் என்றால், லைஃப்ஸ்டைல் என்பது ஏதோ கடையில் தேர்ந்தெடுத்தது போல ஒலிக்கிறது. 'வாழ்க்கைமுறை நோய்' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் நினைவுக்கு வருவார். அவருக்கும் சர்க்கரைதான். ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். ஒரு கிலோ பருப்பை நாலு பேருக்கு முப்பது நாள் பங்கு வைத்துப் பாருங்கள், அவர் தட்டின் படம் தானாக வந்துவிடும். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. அதில் அவருடைய 'முறை' எவ்வளவு, கடையின் முறை எவ்வளவு? இரவு முழுக்க விழித்திருப்பதை அவர் தேர்ந்தெடுத்தாரா?

என் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பருப்பு, முட்டை, காய் வாங்கப் பணம் இருக்கிறது. இல்லாதது நேரம். இரவு எட்டரைக்கு அமெரிக்க கிளையன்டோடு கால், பத்தரைக்கு முடியும். அந்த அமெரிக்க ஆய்விலேயே, முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களைத் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். வாழ்க்கைமுறை மாற்றத்தால் அவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்டப் பாதியானது. ஆனால் குறைத்த எடையையும் ஆரம்பித்த நடையையும் மற்றப் பெண்கள் அளவுக்கு அவர்களால் தக்கவைக்க முடியவில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிள்ளை பெற்றவள் எந்த நேரத்தில் நடக்கப் போவாள்? எங்கள் வீட்டில் காலைச் சமையல் கணவர், இரவு நான் என்று பிரித்துக்கொண்டோம். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. முடித்ததும் மூன்று பேரும் மொட்டைமாடியில் கால் மணி நேரம். மழை பெய்தால் கிடையாது. ரிலீஸ் வாரத்தில் கிடையாது. அம்மா ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவரும் வாரம் எதுவுமே கிடையாது.

இதற்கு ஒரு பெயர் எங்கள் பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்தார், அவருக்கே தெரியாமல். அவர் மூட்டு வலிக்குச் சித்த மருந்து சாப்பிட்டு முடித்திருந்த சமயம். கத்தரிக்காய் வைத்தேன், தொடவில்லை. "மருந்துதான் முடிஞ்சிருச்சே பெரியம்மா?" "மருந்து முடிஞ்சிருச்சு. மறுபத்தியம் ஓடுதுல்ல." மருந்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் தொடர்ந்து காக்கிற பத்தியம். மருந்து இல்லை, நோயும் இப்போது தெரிகிறபடிக்கு இல்லை, இருந்தாலும் உடம்பு இன்னும் பழைய உடம்பு ஆகிவிடவில்லை என்று ஒத்துக்கொள்கிற காலம். பெரியம்மாவுடையது ஒரு மாதத்தில், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்ததும் முடிந்தது. என்னுடையது ஓடிக்கொண்டிருக்கிறது. வருடம் ஒருமுறை எச்பிஏ1சி பார்க்கிறேன். சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், மூன்று மாதமாக ரத்தத்தில் ஓடிய சர்க்கரையின் சராசரி அதில் தெரிந்துவிடும். முதல்நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 5.7-ல் இருந்து நோயின் வாசல் ஆரம்பிக்கிறது. போன வருடம் எனக்கு 5.5. அதற்கு முந்தைய வருடமும் 5.5.

என்ன பெயர் வைத்தால் என்ன, எண் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடலாம்தான். விட முடியாமல் போனது மகளால்.

நாலரை வயதில் ஒரு நாள் சொப்புச் சாமான்களைப் பரப்பிப் பந்தி வைத்துக்கொண்டிருந்தாள். கரடிப் பொம்மைக்குச் சோறு, அப்பாவுக்குச் சோறு, பாட்டிக்குக் கொஞ்சூண்டு சோறு. "அம்மாவுக்கு சோறு கிடையாது. அம்மா டயட்டு." என் எதிரில் காலித் தட்டை வைத்தாள். யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் தினமும் சோறு சாப்பிடுகிறவள், அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனாலும் கண்ணால் பார்த்ததைவிடக் காதில் விழுந்த சொல்லுக்கு அவளிடம் பலம் அதிகமாக இருந்தது. நாலைந்து மாதம் கழித்து, யூகேஜியில் சேர்ந்த புதிதில், கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை எக்கிக்கொண்டு, "நான் குண்டாம்மா?" என்று கேட்டாள்.

கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பின்னாளில் உடல் பருமன், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் 'குழந்தைதானே, இஷ்டத்துக்குச் சாப்பிடட்டும்' என்று நான் விடுவதற்கில்லை. அதே சமயம் ஐந்து வயதுப் பெண்ணின் தட்டில் 'டயட்' என்ற சொல்லை வைத்தால் அது அவள் வளர வளரக் கூடவே வளரும். எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு ஒரு ஆப்பிளும் கறுப்புக் காபியுமாக இருந்த பெண்களோடு இருந்திருக்கிறேன். சோற்றைப் பார்த்துப் பயப்படுகிற கண்களை எனக்குத் தெரியும். ஒரு பயத்தை விலக்கப் போய் இன்னொரு பயத்தை ஊட்டிவிடக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ஒரு கரண்டி அகலம்தான்.

அம்மாவிடம் சொன்னேன், பாப்பா முன்னால் அந்தச் சொல் வேண்டாம் என்று. "பின்ன என்னான்னு சொல்றது? நீ அளந்து அளந்து திங்கிறது அவளுக்குத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி. சர்க்கரை வந்த பின்னும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சச் சோற்றை வீணாக்காமல் தின்று தீர்த்த தலைமுறை அவருடையது. மகள் தன் தட்டைத் தானே முடிவு செய்வதில் அவருக்கு ஏதோ ஒன்று இடிக்கிறது. கூடவே, 16 வருடம் முன்னாலேயே தனக்கும் யாராவது இப்படி அளந்து வைத்திருக்கலாமே என்பதும் அந்தக் குரலில் இருந்ததாக எனக்குப் பட்டது. கேட்கவில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது பெரிய விஷயமில்லை. அளவுக் கரண்டியை மேஜையிலிருந்து அடுக்களைக்குள் கொண்டுபோனோம். மேஜையில் முதலில் வருவது பொரியலும் பருப்பும் முட்டையும், எல்லோருக்கும், கரடி உட்பட. சோறு இரண்டாவதாக வரும், யாருக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பொரியல் உள்ளே போயிருந்தால் கேட்கிற சோறு தானாகக் குறைகிறது, எனக்கும். "உனக்கு ஏன் கொஞ்சம்?" என்று மகள் கேட்டால், "நீ வயித்துல இருந்தப்ப என் உடம்புக்குச் சர்க்கரையைக் கையாளுறது கஷ்டமாச்சு, அதான் இப்பவும் பாத்துக்கறேன்" என்கிறேன். "எனக்கு?" "பசிக்கிற அளவுக்கு." இதில் அவளுக்கு எவ்வளவு புரிகிறதோ. சில நாள் பொரியலைக் கரடிக்கு மாற்றிவிட்டு அப்பளம் கேட்கிறாள்.

ஜூன் மாதம் பள்ளியில் ஒரு ஹெல்த் கார்டு கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை நோய்? பாட்டி, ஆமாம். அப்பா, இல்லை. அம்மா என்ற இடத்தில் கட்டத்துக்கு வெளியே பொடி எழுத்தில் 'கர்ப்பகாலத்தில் இருந்தது, இப்போது கவனிப்பில்' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மிஸ் போன் செய்தார்.

"மேம், யெஸ் ஆர் நோ ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சிஸ்டம்ல ஏத்தணும்."

அந்த சிஸ்டத்தை எழுதியது யார் என்று விசாரித்து, அந்தப் பக்கத்தில் ஒரு ரிமார்க்ஸ் கட்டம் சேர்க்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.